மதிலில் நின்ற மீன்கொத்தி: மதுரைச் சமவெளியும் இயற்கையைப் பார்த்துச் செய்த கருவிகளும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், கவுந்தியடிகளிடமிருந்து அடைக்கலமாகப் பெற்ற கண்ணகியை மாதரி அழைத்துக்கொண்டு கோட்டை வாயிலைக் கடக்கும் இடத்தில், மதுரை மதிலில் பொருத்தப்பட்டிருந்த போர்ப்பொறிகளின் நீண்ட வரிசை ஒன்று வருகிறது. கல்லை உமிழும் கவண், எண்ணெய் காய்ச்சும் கலம், தானே வளைந்து அம்பெய்யும் வில் என்று செல்லும் அவ்வரிசையின் நடுவே மூன்று உயிரினங்களின் பெயர்களும் இடம்பெறுகின்றன: ஊகம் என்னும் கருங்குரங்கு, சிரல் என்னும் மீன்கொத்தி, பன்றி. இவற்றுக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், ஊகம் என்பது நெருங்கியவரைக் கடிக்கும் குரங்கு வடிவப் பொறி என்றும், சிரல் என்பது பகைவர்மேல் பாய்ந்து கண்ணைக் கொத்தும் சிச்சிலிப் பொறி என்றும், பன்றி என்பது மதிலின் தலையில் ஏறியவரின் உடலைக் கொம்பால் கிழிக்க இரும்பால் செய்து நிறுத்தியது என்றும் விளக்குகிறார். இவை இலக்கியச் சான்றுகளே அன்றித் தொல்பொருள்கள் அல்ல. ஆயினும், கருவி ஒன்றைக் கற்பனை செய்த மனம் எந்த உயிரினத்திடமிருந்து எதைக் கடன் வாங்கியது என்பதை அவை தெளிவாகவே காட்டுகின்றன. குரங்கிடமிருந்து பற்றிக் கடிக்கும் சினத்தையும், மீன்கொத்தியிடமிருந்து குறி தப்பாத பாய்ச்சலையும், பன்றியிடமிருந்து கீழிருந்து மேலாகக் கிழிக்கும் வேகத்தையும் எடுத்துக்கொண்ட அம்மனம், அவ்விலங்குகளின் தோற்றத்தைவிட அவற்றின் செயலையே பெரிதாக மதித்தது.

ஒன்றைக் காட்டி இன்னொன்றை உணர்த்துவதும் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்வதும் ஒரே மனச்செயலின் இரு பக்கங்கள் என்பதால், இப்பொருளை ஆராய்வதற்கு உவமை இலக்கணம் எதிர்பாராத வகையில் கைகொடுக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல், இரு பொருள்களுக்கிடையே ஒப்புமை தோன்றும் அடிப்படைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. வினை என்பது செயல், பயன் என்பது அச்செயலால் விளையும் நன்மை, மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். புலிபோலப் பாய்ந்தான் என்னும்போது வினையும், மழைபோல வழங்கினான் என்னும்போது பயனும், உடுக்கை போன்ற இடை என்னும்போது மெய்யும், பொன் போன்ற மேனி என்னும்போது உருவும் ஒப்புமைக்கு இடமாகின்றன. உயிரினங்களின் அமைப்பைப் பார்த்துக் கருவிகளை வடிவமைக்கும் துறைக்கு இன்று பயோமிமிக்ரி என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜானின் பென்யஸ் 1997-ல் அப்பெயரில் வெளியிட்ட நூலே அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அத்துறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளை இந்த நான்கு அடிப்படைகளில் வைத்து எடைபோட்டால், இயற்கையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது பயன் தந்த இடங்கள் குறைவு என்பதும், அவ்வடிவத்தை விட்டுவிடத் துணிந்ததே பயன் தந்த இடங்கள் மிகுதி என்பதும் புலப்படும். மதுரையும் அதைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பரப்பும் இதற்குத் தக்க ஆய்வுக்களம். ஏனெனில் அத்துறை பேசும் உயிரினங்களுள் பல இச்சமவெளியில் அன்றாடம் கண்ணில் படுபவை.

மதிற்பொறிக்குப் பெயர் தந்த பறவையே 1990-களில் ஜப்பானில் ஒரு ரயிலின் முகத்தை மாற்றியது. மிகுவேக ரயில் குறுகிய சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது முன்னிருக்கும் காற்று ஒதுங்க இடமின்றி அமுங்கி, அழுத்த அலையாகச் சுரங்கத்தின் மறுவாயிலுக்குப் பாய்ந்து வெடிபோன்ற ஓசையுடன் வெளியேறும்; அருகில் குடியிருப்போருக்கு அது பெருந்தொல்லை. ரயில்வேப் பொறியாளரும் பறவை நோக்கருமான எய்ஜி நக்காட்சு, எதிர்ப்புக் குறைந்த காற்றிலிருந்து எதிர்ப்பு மிகுந்த நீருக்குள் பாயும் மீன்கொத்தி அதிகம் நீர் தெறிக்காமல் பாய்வதை எண்ணிப் பார்த்தார். பல வடிவங்களில் செய்த சிறு மாதிரிகளைக் குழாய்க்குள் செலுத்தி அழுத்த அலையை அளந்தும், கணினியில் கணித்தும் பார்த்தபோது கிடைத்த தகுந்த வடிவம் மீன்கொத்தியின் அலகை நெருங்கியதாக இருந்தது. 15 மீட்டர் நீள மூக்குடன் 500 வரிசை ஷின்கான்சென் ரயில் 1997 மார்ச்சில் ஓடத் தொடங்கி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஜப்பானிய ஓடைகளில் வாழும் சிறு மீன்கொத்தியும் மதுரைக் கண்மாய்க் கரையில் கருவேல மரக்கிளையில் அமர்ந்திருக்கும் சிறு மீன்கொத்தியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இங்கே கவனிக்க வேண்டியது, பறவை தந்தது விடையை அன்று, கேள்வியை என்பது. விடையைத் தந்தவை குழாயும் கணினியும். வினை ஒன்றாக இருந்ததால் மெய்யும் ஒத்துவந்தது.

மெய் மட்டும் எடுத்தாளப்பட்ட இடங்களை மதுரையின் கல்மண்டபங்களில் நிறையவே காணலாம். நாயக்கர் காலத் தூண்களின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் மொட்டு, வாழைப்பூவையோ தாமரை மொட்டையோ பார்த்துச் செதுக்கப்பட்டது. அதனாலேயே அது புஷ்பப் போதிகை எனப்படுகிறது. தூணின் சதுர அடிப்பகுதியின் மூலைகளில் படமெடுத்து நிற்கும் வடிவம் நாகபந்தம். கட்டடத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் விரியும் இதழ் வரிசை பத்மம். இப்பெயர்களைக் கொண்டு தமிழகச் சிற்பிகள் இயற்கையிடமிருந்து கட்டுமானம் கற்றனர் என்று முடிவுகட்டுவது மிகையாகும். போதிகையின் உண்மையான பணி, வளைவிசையைத் தாங்கும் வலிமை குறைந்த கல் உத்தரத்துக்கு இருபுறமும் சிறிது முன்னீண்டு இடைவெளியைக் குறைத்துத் தருவது. மொட்டு இல்லாவிட்டாலும் அது அப்பணியைச் செய்யும். பெரும்பாலான கல்வடிவங்களுக்கு முன்மாதிரி உயிரினமும் அன்று, மரக்கட்டடமே. ஆவுடையார்கோயிலின் புகழ்பெற்ற கல் கொடுங்கை என்னும் கூரை இறவாணம், மரச்சட்டங்களையும் அவற்றை இணைத்த ஆணிகளையும் கூடக் கல்லில் காட்டுகிறது. அதாவது அங்கே மனிதக் கலை தன் பழைய வேலையையே பார்த்துச் செய்திருக்கிறது. அழகு என்ற அளவில் இவை குறைந்தவை அல்ல. கண்டுபிடிப்பு என்று கொள்வதற்கில்லை என்பதே செய்தி.

மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளத்தின் நடுவே இன்று நிற்கும் தாமரை உலோகத்தால் ஆனது. மெய்யும் உருவும் அதில் உண்டு, வினை இல்லை. தாமரையின் வினை முழுவதும் பூவில் அன்றி இலையில்தான் இருக்கிறது. தென் மாவட்டங்களில் பூக்கட்டிக் கொடுக்கவும் விருந்தில் சோறு பரிமாறவும் பயன்பட்டுவந்த அவ்விலையின் மேற்பரப்பில் ஒரு துளி நீரை விட்டுப் பார்த்தால், அது பரவாமல் ஏறத்தாழ முழு உருண்டையாகத் திரண்டு, இலை சிறிது சாய்ந்தாலும் வழியில் கிடக்கும் தூசியைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு உருண்டோடிவிடும். அது சென்ற வழி ஈரமின்றியும் தூசியின்றியும் கிடக்கும். பட்டும் படாமலும் வாழ்வதற்குத் தாமரை இலைத் தண்ணீரைத் தமிழ் காலங்காலமாக உவமை சொல்லிவந்திருக்கிறது. உவமை சொன்ன கண்கள் பார்த்தது சரியாகவே இருந்தது. துளி ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்கு வெறுங்கண்ணால் விடை காண முடியாது என்பதே தடை.

அவ்விடை மின்னணு நுண்ணோக்கி வழியாக வந்தது. ஜெர்மானியத் தாவரவியலர் வில்ஹெல்ம் பார்த்லாட், 1970-களில் தாவர இனங்களை வகைப்படுத்துவதற்காக இலைப்பரப்புகளை நுண்ணோக்கியில் பார்த்துவந்தபோது, வழவழப்பான இலைகளைப் பார்க்குமுன் தூசி போகக் கழுவ வேண்டியிருந்ததையும், சொரசொரப்பான சில இலைகளுக்கு அந்தத் தேவையே எழாததையும் கவனித்தார். பொதுவாக வழவழப்பே தூய்மைக்கு உகந்தது என்று கருதப்பட்டுவந்த நிலையில் இது தலைகீழான செய்தி. கிறிஸ்டாஃப் நைன்ஹுயிசுடன் சேர்ந்து 1997-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, தாமரையையே முன்மாதிரியாகக் கொண்டு இதன் காரணத்தை விளக்கியது. தாமரை இலையின் மேற்றோல் செல்கள் ஒவ்வொன்றும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில், சிறு மேடாகப் புடைத்து நிற்கின்றன. அம்மேடுகளின் மீது அவற்றினும் பன்மடங்கு நுண்ணிய மெழுகுக் குழல்கள் மயிர்க்கூச்செறிந்தாற்போல் மண்டிக் கிடக்கின்றன. நீர்த்துளி இம்மெழுகு நுனிகளின்மேல் மட்டுமே தங்க, இடைவெளிகளில் காற்று சிறைப்பட்டு நிற்பதால், துளியின் அடிப்பரப்பில் மிகச் சிறு பகுதியே இலையைத் தொடுகிறது. துளியின் விளிம்பு பரப்போடு சேரும் இடத்தில் உண்டாகும் கோணத்தைத் தொடுகோணம் என்பர். தூய கண்ணாடியில் நீர் பரவிவிடுவதால் அது மிகச் சிறிது, சமதளமான மெழுகில் ஏறத்தாழ 110 பாகை, தாமரை இலையிலோ 160 பாகை வரை எட்டுகிறது. சேப்பங்கிழங்குச் செடியின் இலையிலும் இதே தன்மை காணப்படுகிறது.

இவ்வேற்பாடு தாமரைக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. நிலத்தாவரங்கள் பலவற்றில் காற்றை உள்ளிழுக்கும் இலைத்துளைகள் இலையின் அடிப்புறத்தில் இருக்க, அடிப்புறம் நீரையொட்டிக் கிடக்கக்கூடிய தாமரை இலையில் அவை மேற்புறத்தில் அமைந்துள்ளன. மேற்புறம் நீரால் மூடப்பட்டால் மூச்சு அடைபடும்; சேறும் பூஞ்சை வித்துகளும் தங்கினால் நோய் பற்றும். ஆகவே மழை பெய்யும்போதெல்லாம் இலை தானே கழுவிக்கொள்ளும்படி அமைந்தது உயிர்காக்கும் ஏற்பாடே.

பார்த்லாட்டின் விளக்கத்தை அடிப்படையாகக் கொண்டு 1999-ல் லோட்டுசான் என்னும் வெளிச்சுவர்ப் பெயின்ட் ஜெர்மனியில் சந்தைக்கு வந்தது. நுண்ணிய மேடுபள்ளங்களும் நீரை ஒதுக்கும் தன்மையும் கொண்ட அப்பூச்சின்மீது விழும் மழைத்துளி அழுக்கை ஏந்திக்கொண்டு இறங்கிவிடும். எனினும் இலைக்கும் பெயின்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு நீடிக்கிறது. உயிருள்ள இலை, உராய்வில் தேய்ந்த மெழுகை மீண்டும் சுரந்துகொள்கிறது. சுவர் அவ்வாறு செய்வதில்லை. மேலும், மேலிருந்து விழும் துளியை உருட்டிவிடும் தாமரை இலையே, ஆவி குளிர்ந்து அதன் இடுக்குகளுக்குள் பனியாகப் படியும்போது அந்நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதை 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மதுரை போன்ற ஊருக்கு இதனால் ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிட, தை முதல் ஆனி வரை பெரும்பாலும் புழுதியே படியும் சமவெளியில், கழுவ வரும் மழைக்காகக் காத்திருக்கும் சுவர் ஆண்டின் பாதிக்குமேல் அழுக்காகவே நிற்கும். தாமரை நீர்நிலையில் கற்ற பாடத்தை ஆண்டு முழுதும் மழை தூறும் ஜெர்மனிக்கு எடுத்துச் செல்வது எளிது. அத்தாமரையின் சொந்த ஊர்த் தெருவுக்கே கொண்டுவருவதுதான் கடினம்.

கறையான் புற்றின் வரலாறு இதனினும் சிக்கலானது. இத்துறை எவ்வளவு தவறான புரிதலிலிருந்தும் நல்ல விளைவு பெறக்கூடும் என்பதற்கு அதுவே தலைசிறந்த சான்று. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் வரப்போரத்திலும் வேம்படியிலும் எழுந்து நிற்கும் புற்றுகளைப் பெரும்பாலும் கட்டுவது ஒடன்டோடெர்மிஸ் ஒபெசஸ் என்னும் கறையான் இனம். ஓர் ஆள் உயரத்தையும் சில இடங்களில் தாண்டும் அப்புற்றின் வெளிப்புறம் நெடுக்குவாட்டில் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். உள்ளே நடுவில் அகன்ற ஒரு கூடு மேல்நோக்கிச் செல்லும். கறையான்கள் வாழ்வது பெரும்பாலும் அடிப்பகுதியிலும் நிலத்துக்குக் கீழும்தான். அங்கே அவை மென்று துப்பிய தாவரப் பொருளின்மீது ஒருவகைப் பூஞ்சையைப் பயிரிட்டு உண்கின்றன. மழைக்குப்பின் புற்றின்மேல் முளைத்து ஊர்மக்களால் விரும்பிச் சமைக்கப்படும் புற்றுக்காளான் அப்பூஞ்சையின் வெளித்தோற்றமே. பல இலட்சம் உயிர்களும் ஒரு பூஞ்சைத் தோட்டமும் ஓயாது மூச்சுவிடும் அவ்விடத்தில் கரியமிலவாயு குவியாமல் வெளியேறியாக வேண்டும். ஆனால் புற்றின் சுவரிலோ கண்ணுக்குத் தெரியும் சாளரம் எதுவும் இல்லை. பாம்பு குடிபுகும் துளைகளைக் கொண்டது கைவிடப்பட்ட அல்லது சிதைந்த புற்று. உயிருள்ள புற்று மூடியே இருக்கும்.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர் மார்ட்டின் லூஷர், ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் வேறோர் இனக் கறையானின் புற்றை ஆராய்ந்து 1961-ல் ஒரு விளக்கம் தந்தார். உயிர்களின் உடல்வெப்பத்தால் சூடாகும் காற்று நடுக்கூட்டில் மேலெழுந்து, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய குழாய்களில் இறங்கும்போது சுவரின் நுண்துளைகள் வழியே வாயுவைப் பரிமாறிக் குளிர்ந்து மீண்டும் அடிக்குத் திரும்புகிறது என்பது அவர் கருத்து. புற்று என்பது தானே குளிரூட்டிக்கொள்ளும் மாளிகை என்ற எண்ணம் இதிலிருந்தே பரவியது. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996-ல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் வளாகம் அவ்வெண்ணத்தின் புகழ்பெற்ற குழந்தை. வழக்கமான குளிரூட்டும் எந்திரங்கள் இன்றி, இரவின் குளிர்காற்றை மின்விசிறிகளால் தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடங்களில் செலுத்தி, அங்குள்ள கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அக்குளிர்ச்சியை அறைகளுக்குப் பகிர்ந்து, சூடேறிய காற்றைக் கூரைமேல் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள் வழியே வெளியேற்றும் கட்டடம் அது. அது நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் புற்றின் பக்கத்திலிருந்து வந்தது. ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008-ல் எழுதிய ஆய்வில், புற்றுக்குள்ளிருக்கும் வெப்பநிலை காற்றோட்டத்தால் சீர்ப்படுத்தப்படுவதே இல்லை என்றும், கறையான்கள் வாழும் அடிப்பகுதியின் வெப்பம் அதைச் சூழ்ந்த மண்ணின் வெப்பத்தையே பின்தொடர்கிறது என்றும், புற்றின் பணி குளிரூட்டுவதன்று, வாயுவைப் பரிமாறுவதே என்றும் காட்டினர். தென்னிந்தியப் புற்றுகளுக்கான விடை 2015-ல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவன், ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ ஆகியோர் ஒடன்டோடெர்மிஸ் ஒபெசஸ் புற்றுகளில் துளையிட்டு, நொடிக்குச் சில சென்டிமீட்டர் என்ற மெல்லிய காற்றோட்டத்தையும் உணரக்கூடிய, தாங்களே செய்த உணரிகளைச் செருகி இரவும் பகலும் அளந்தனர். பகலில் மெல்லிய வெளிமடிப்புகள் நடுக்கூட்டைவிட விரைவில் சூடேறுவதால் காற்று மடிப்புகளில் மேலெழுந்து நடுவில் இறங்குகிறது. இரவில் மடிப்புகள் முதலில் குளிர்ந்துவிட, ஓட்டம் திசைமாறி நடுவில் எழுந்து மடிப்புகளில் இறங்குகிறது. பகலில் சேரும் கரியமிலவாயு இரவில் வெளியேறுகிறது. உடல்வெப்பமோ வெளிக்காற்றின் வேகமோ முதன்மைக் காரணம் அல்ல. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப ஏற்றத்தாழ்வே புற்று என்னும் அந்த நுரையீரலை இயக்குகிறது. பார்ப்பதற்கு அழகுக்கெனத் தோன்றும் மடிப்புகளே அவ்வியக்கத்தின் உறுப்புகள் என்பது இவ்வாய்வின் நுட்பமான பயன்.

ஆக, ஈஸ்ட்கேட் வளாகம் எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றியதாகச் சொல்லப்படுகிறதோ அக்கோட்பாடு தவறு. கட்டடம் மட்டும் சரி. அதன் வெற்றிக்கு உண்மையான காரணம் கனத்த கான்கிரீட்டும், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஹராரேயின் குளிர்ந்த இரவுகளும்தான். அதே வரைபடத்தை மதுரையில் கொண்டுவந்து நிறுத்தினால், சித்திரை, வைகாசி இரவுகளிலும் வெப்பம் 25 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கத் தயங்கும் இச்சமவெளியில் கான்கிரீட்டுக்குள் சேமிக்க வேண்டிய குளிர்ச்சி கிடைப்பது அரிது. புற்றைப் பார்த்துக் கட்டியது என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி இங்கே கட்ட முனைவோர் புற்றையும் படிக்கவில்லை, ஊரின் வெயிலையும் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இச்சமவெளி புற்றிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. அதன் வடிவத்தையோ காற்றோட்டத்தையோ அன்றி, அதன் மண்ணையே எடுத்தது. மண்சுவர் பூசவும் தரை மெழுகவும் புற்றுமண்ணைக் குழைத்துச் சேர்ப்பது பழைய வழக்கம். வயல்மண்ணைவிட அது இறுகிப் பிடிக்கும் என்பது அனுபவ அறிவு. அவ்வறிவின் காரணத்தை அண்மையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ரெனீ போர்ஜஸ், தேஜஸ் மூர்த்தி குழுவினர் ஆராய்ந்துள்ளனர். கறையான்கள் ஈரமண்ணைத் தம் வாயில் உருட்டிச் சிறு உருண்டைகளாக்கி, தம் சுரப்பைப் பிசினாகச் சேர்த்து அடுக்குகின்றன என்பதும், அப்பிசின் மண்ணின் வலிமையைப் பன்மடங்கு கூட்டுகிறது என்பதும், உருண்டைகள் பெரிதும் சிறிதுமாக இரண்டு அளவுகளில் இருப்பதால் பெரியவற்றின் இடைவெளியைச் சிறியவை நிரப்பி நெருக்கமாக அடைகின்றன என்பதும் அவர்களுடைய முடிவுகள். பெருஞ்சல்லியும் சிறுசல்லியும் கலந்து கான்கிரீட் போடும் கொத்தனாருக்கு இக்கடைசிச் செய்தி புதிதாக இராது. சிமென்ட்டைக் குறைத்து மண்ணால் கட்ட விரும்பும் இன்றைய கட்டடக் கலைக்கு, காற்றோட்டக் கதையைவிட இப்பிசினின் வேதியியலே மிகுந்த பயன் தரக்கூடும்.

பல்லியையும் நாயுருவியையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பல்லி யார்மேல் எங்கே விழுந்தால் என்ன பலன் என்பதை நூலாக எழுதிவைத்த மரபில், அது ஏன் விழுவதில்லை என்ற கேள்வி எழாமற்போனது வியப்பே. மரப்பல்லி வகை ஒன்றின் பாதங்களிலுள்ள இலட்சக்கணக்கான நுண்மயிர்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுனிகளாகப் பிரிந்து, சுவரின் மூலக்கூறுகளுக்கு மிக அருகே செல்வதால் எழும் மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்குகிறது என்று கெல்லர் ஆட்டம் குழுவினர் 2000-லும் 2002-லும் காட்டினர். பசையின்றி ஒட்டும் நாடாவை ஆந்த்ரே கெய்ம் குழுவினர் 2003-ல் செய்து பார்த்தனர். வேலியோரம் நடப்பவரின் வேட்டியிலும் சேலையிலும் நாயுருவிக் கதிர் ஒட்டிக்கொள்வதைப் போலவே, சுவிட்சர்லாந்தில் 1941-ல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற பொறியாளரின் ஆடையிலும் நாயின் மயிரிலும் ஒருவகை முட்காய் ஒட்டியது. அவர் அதை நுண்ணோக்கியில் பார்த்துக் கொக்கி முனைகளைக் கண்டதோடு கதை முடியவில்லை. நைலான் இழையை வெப்பத்தில் பதப்படுத்தினால் வளைத்த கொக்கி வளைந்தபடியே நிற்கும் என்பது தெரியவந்து, வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டை 1950-களில் காப்புரிமை பெறும்வரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கடந்தன. கொக்கியைக் கண்டதில் பெருமை குறைவு. கொக்கிக்குத் தக்க பொருளைத் தேடியதில்தான் உழைப்பெல்லாம் அடங்கியிருந்தது.

இயற்கையின் மெய்யைப் பின்பற்றியதால் தவறி, பயனை மட்டும் பின்பற்றியதால் வென்ற கருவி ஒன்று மதுரையிலேயே பெருந்தொகையில் செய்யப்படுகிறது. அது கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தப்படும் செயற்கை வில்லை. கண்ணின் இயற்கை வில்லையிலுள்ள புரதங்கள் முதுமையில் திரண்டு ஒளியை மறைப்பதே கண்புரை. மறைந்த வில்லையை நீக்கிவிட்டால் கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் ஆற்றல் குறைந்துவிடும் என்பதால், முன்பெல்லாம் தடித்த கண்ணாடி அணிவதே ஒரே வழியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் அழற்சி ஏதும் உண்டாக்காமல் கிடந்ததைக் கண்ட இலண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, அதே வகைப் பொருளில் வில்லை செய்து 1949 நவம்பரில் முதன்முதலாகப் பொருத்தினார்.

அவர் இயற்கை வில்லையையே அளவாகக் கொண்டு அதன் வளைவுகளைப் பின்பற்றினார். விளைவாக முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. காரணம் எளிய ஒளியியல். வில்லை கண்ணுக்குள் நீர்மத்தில் மூழ்கியிருப்பதால், அதன் ஆற்றல் அதன் ஒளிவிலகல் எண்ணுக்கும் சுற்றியுள்ள நீர்மத்தின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. நீர்மத்துக்கு அவ்வெண் 1.336, இயற்கை வில்லைக்குச் சராசரியாக 1.42, அக்ரிலிக்குக்கு 1.49. வேறுபாடு 0.084-லிருந்து 0.154 ஆக உயர்ந்ததால், அதே வளைவு ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் கொண்டதாகிவிட்டது. மேலும் இயற்கை வில்லை ஒரே பொருளாலானதும் அன்று. நடுவில் அடர்ந்தும் விளிம்பில் தளர்ந்தும் ஒளிவிலகல் எண் படிப்படியாக மாறும் அமைப்பு அது. பொருள் மாறினால் வடிவமும் மாறியாக வேண்டும் என்பதை மருத்துவ உலகம் ஒரு நோயாளியின் கண்ணில் கற்றது. பின்வந்த வில்லைகள் தட்டையாகவும் மெலிந்தும், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டமுடைய வட்டாகவும், அதை இடம்பெயராமல் நிறுத்த இரண்டு மெல்லிய வளைந்த கைகளுடனும் அமைந்தன. அக்கைகளுக்கு இயற்கைக் கண்ணில் முன்மாதிரி கிடையாது.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்து ஏழைகளுக்கும் இவ்வில்லையைப் பொருத்த விரும்பியபோது, இறக்குமதி வில்லையின் விலையே பெருந்தடையாக நின்றது. அதற்காக 1992-ல் அங்கேயே நிறுவப்பட்ட ஆரோலேப், வில்லையின் விலையை இறக்குமதி விலையில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கும் கீழே கொண்டுவந்து, காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பும் நிறுவனமாக வளர்ந்தது.

இவ்வில்லை விட்டுவிட்டது எதை என்று பார்த்தால் அதன் வடிவமைப்பின் அறிவு விளங்கும். இளமையில் இயற்கை வில்லை, தன்னைச் சூழ்ந்த தசை சுருங்கும்போது உருண்டும் தளரும்போது தட்டையாகியும் அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றை மாறி மாறிக் குவிக்கிறது. நாற்பதைக் கடந்த பின் அது இறுகி, வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்புரைக்கு வருவோருள் மிகப் பெரும்பாலோர் அவ்வாற்றலை முன்னரே இழந்தவர்கள் ஆதலால், அதைப் பின்பற்றாமல் விட்டதில் இழப்பு சிறிது. சேமித்த செலவு பெரிது. விழித்திரையைக் காக்கும் பொருட்டு நீலஒளியை ஓரளவு தடுக்கும் இயற்கை வில்லையின் மஞ்சட்சாயலும், விழிவெண்படலத்தின் வளைவால் வரும் ஒளிப்பிறழ்ச்சியை ஈடுசெய்யும் அதன் கோளமல்லா வளைவும், அவற்றின் பயன் புரிந்த பின்னர், பிற்கால வில்லைகளில் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. வில்லை இருந்த மெல்லிய உறையை வெறுமையாக்காமல் மென்மையான கூழ்மத்தால் நிரப்பி, குவிக்கும் ஆற்றலையே மீட்டுவிடும் முயற்சி 1980-களிலிருந்து குரங்குகளில் செய்து பார்க்கப்பட்டுவருகிறது. அறுவைக்குப் பின் உறையில் எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகி அதனை மங்கச் செய்துவிடுவதே அம்முயற்சி மருத்துவமனையை எட்டாமல் நிற்பதற்கான தலையாய காரணங்களுள் ஒன்று.